பாக் நீரிணைக்கு யார் சாட்சி? ஆற்பாக்கம் கல்வெட்டு முதல் கச்சத்தீவு ஒப்பந்தம் வரை

திருப்புலிவனத்துக்கும் கடலுக்கும் வெகு தொலைவு. ஏரியும் நெல்லும் சார்ந்த உத்திரமேரூர் வட்டாரத்து ஊர் அது. இந்தப் பக்கத்துச் சோழர் கல்வெட்டுகளும் பெரும்பாலும் நிலம், ஏரி, விளக்கு, சபை என்றுதான் பேசுகின்றன. ஆனாலும் பாக் நீரிணையைப் பற்றி எழுத வருகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம். உத்திரமேரூரில் குடவோலை விதிகளைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனை 'மதிரை கொண்ட' அரசன் என்று குறிப்பிட்டே ஆண்டுக் கணக்கைச் சொல்கின்றன. அவனுடைய பிற்காலக் கல்வெட்டுகளில் அந்தப் பட்டம் மதுரையோடு ஈழத்தையும் கொண்டவன் என்று நீள்கிறது. கடலையே பார்த்திராத ஊர்ச்சபையார் கூடத் தங்கள் நிலக்கொடைக்குத் தேதி போடும்போது நீரிணைக்கு அப்பால் நடந்த ஒரு படையெடுப்பைத் தொட்டுத்தான் எழுதினார்கள். அந்தப் படையெடுப்பில் நடந்தது என்ன? தோற்றோடிய பாண்டியன் இலங்கையில் விட்டுச்சென்ற மணிமுடியை மீட்கப் பராந்தகனின் படை போனது. சிங்கள அரசன் முடியோடு தெற்கே உரோகணத்துக்குள் ஒதுங்கிக்கொண்டான், சோழப்படை வெறுங்கையோடு திரும்பியது என்கிறது இலங்கையின் பாலி மொழி நூலான சூளவம்சம். அந்த முடியைக் கைப்பற்றியதாகப் பிற்பாடு முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்திதான் உரிமை கொண்டாடுகிறது. அப்படியானால் பராந்தகனின் பட்டம் எதற்குச் சான்று? ஒரு படை கடல் தாண்டியதற்குச் சான்று. கடலுக்கு அப்பால் இருந்த மண்ணை அவன் ஆண்டான் என்பதற்குச் சான்றாகாது.

இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டும் கல் ஒன்று இதே வட்டாரத்தில், திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் மாகறலுக்கு அருகே ஆற்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் இராசாதிராசனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டின் பின்பாதி. மதுரை அரியணைக்காகப் பாண்டியருக்குள் சண்டை மூண்டபோது இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனைப் படையோடு அனுப்பினான். அந்தப் படை இராமேசுவரத்தைப் பிடித்தது, கோயிலில் பூசை நின்றது, பண்டாரத்துப் பொருள் பறிபோனது. அந்தப் படையை எதிர்க்கப் போன பல்லவராயரின் தந்தையான எதிரிலிசோழச் சம்புவராயர், கௌட நாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரிடம் ஓடி, இந்த இடர் நீங்க வழிபாடு செய்ய வேண்டும் என்று கேட்டார். இருபத்தெட்டு நாள் பூசை நடந்தது. பகைத் தளபதிகள் தோற்றார்கள் என்ற ஓலை வந்ததும் ஆற்பாக்கத்தையே அந்தத் துறவிக்குக் கொடையாக்கினார் சம்புவராயர். கல்வெட்டின் நோக்கம் போர்ச்செய்தி சொல்வதன்று, ஊர் எவ்வாறு கைமாறியது என்று பதிவதுதான். போர் அதற்குக் காரணமாக உள்ளே வருகிறது. அதனால்தான் அதில் அச்சம் தெரிகிறது. வெற்றிப் பட்டங்களில் அச்சம் ஒருபோதும் தெரிவதில்லை.

இதே போரைச் சூளவம்சம் முழுக்க முழுக்க வேறு விதமாகச் சொல்கிறது. அதில் இலங்காபுரன் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கிறான், இராமேசுவரத்துக்கருகே தன் அரசன் பெயரில் ஓர் அரண் கட்டுகிறான், வீரபாண்டியனுக்கு முடிசூட்டுகிறான். தோல்வி என்ற பேச்சே கிடையாது. அரண் கட்டிய இடமாக அந்நூல் சொல்லும் குந்துகால், பாம்பன் தீவின் இன்றைய குந்துகால்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ இலங்கைத் தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டதைச் சொல்கிறது. ஒரே போருக்கு இரண்டு வெற்றியாளர்கள். இதில் யார் பொய் சொன்னார்கள் என்ற கேள்வி அவ்வளவு பயனுள்ளதல்ல. போரின் முற்பகுதியில் ஒரு தரப்பும் பிற்பகுதியில் மறு தரப்பும் மேலோங்கியிருக்கலாம், அவரவர் தமக்கு வேண்டிய பகுதியை எழுதிவைத்தார்கள். பயனுள்ள கேள்வி வேறு: நீரிணையைப் பற்றிய ஆவணங்களில் எந்த வகை நம்பகமானது, எது அவ்வாறன்று?

அதற்கான விடை, விந்தையாக, அதே பராக்கிரமபாகுவின் மற்றொரு கல்லில் கிடைக்கிறது. யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் அவனுடைய கல்வெட்டு தமிழில் பொறிக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். ஊராத்துறையில் வந்து இறங்கும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அது விதிக்கிறது. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று கணக்குச் சொல்கிறது: யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு, மற்ற வணிகக் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவருக்கு. படைக்கு வேண்டிய விலங்கை ஏற்றி வருகிறவனை ஊக்குவிக்க வேண்டும் என்ற அரசின் கணக்கு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கல்வெட்டை மறுக்கும் கல்வெட்டு எதிர்க்கரையில் ஏதும் இல்லை. இருக்கவும் தேவையில்லை. சிங்கள அரசன் தமிழில் எழுதியதற்குக் காரணம், அதைப் படிக்க வேண்டியவர்கள் அந்தக் கடலைப் புழங்கியவர்கள் என்பதே. போரைப் பற்றிய சான்றுகள் கரைக்குக் கரை முரண்படுகின்றன. புழக்கத்தைப் பற்றிய சான்றுகள் முரண்படுவதில்லை. பாக் நீரிணையின் தூதரக வரலாறு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நீரிணையில் கிடக்கும் சிறு தீவான கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்க இந்தியா, இலங்கை ஆகிய இரு அரசுகளும் திரட்டிய காகிதங்கள் பெரும்பாலும் சொந்தத்தைப் பற்றியவையே அல்ல. அவை சங்கு, சாயவேர், மீன், திருவிழா பற்றியவை. 1974இலும் 1976இலும் சொந்தத்தைத் தீர்த்துவைத்த ராஜதந்திரம், ஆவணங்களில் உறுதியாக நிரூபணமாகியிருந்த புழக்கம் என்ற அந்த ஒன்றைத்தான் கைவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆதரவில் எழுந்த சேதுபதிகளின் ஆட்சியிலிருந்து இந்தக் காகிதங்கள் தொடங்குகின்றன. சேதுபதிகள் இராமேசுவரம் வழியின் காவலர்கள், கரையோரத்தின் தலைவர்கள், முத்தும் சங்கும் எடுக்கும் பாரைகளுக்கு உரிமை கொண்டாடியவர்கள். ஆனால் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கியது. 1803இல் மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கிடைத்தபோது இராமநாதபுரம் ஓர் அரசாக இருப்பது முடிந்து, வரி கட்டும் ஜமீன் ஆனது. இதை எளிதாகக் கடந்துவிடுகிறோம். கச்சத்தீவு இராமநாதபுரம் அரசருக்குச் சொந்தம் என்று மேடைகளில் சொல்லும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அரசர் நில உடைமையாளர் மட்டுமே என்பது மறைந்துபோகிறது. ஒரு நாட்டின் உடைமையாளர் வேறொரு நாட்டில் தோட்டம் வைத்திருக்கலாம், அதனால் அந்தத் தோட்டம் அவருடைய நாட்டின் பகுதி ஆகிவிடாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் இருக்கிறது, அது 1880ஆம் ஆண்டின் ஒரு குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. அப்போது பாஸ்கர சேதுபதி சிறுவர், ஜமீன் நிர்வாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசு அமைப்பின் கையில். தனி உதவிக் கலெக்டராக இருந்த எட்வர்ட் டர்னர், ஜமீன் சார்பில், கரையோரத்தின் எழுபது ஊர்களிலும் கச்சத்தீவு உள்ளிட்ட தீவுகளிலும் சாயவேர் தோண்டும் உரிமையைக் கடற்கரை வணிகர்களுக்கு ஐந்தாண்டுக் குத்தகையாக விட்டார். தொகை 175 ரூபாய், பத்திரம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. சாயவேர் என்பது மணற்பாங்கான கரையில் தானே முளைக்கும் சிறு செடியின் வேர். பருத்தித் துணிக்கு நிலைத்த சிவப்பு நிறம் ஏற்ற அதைத் தேடித் தீவு தீவாகப் போனார்கள். 1869இல் செயற்கை அலிசாரின் கண்டுபிடிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் வேர்ச் சாயத் தொழிலையே அது விழுங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே இது சாகும் தறுவாயில் இருந்த ஒரு தொழிலின் பத்திரம். ஆனாலும் அதில் ஒப்பமிட்டவர் பிரிட்டிஷ் இந்திய நிர்வாகத்தின் அதிகாரி. 1913இல் இதே கரையின் சங்கு எடுப்பை ஜமீனிடமிருந்து சென்னை அரசே குத்தகைக்கு எடுத்துக்கொண்டபோதும் அந்த எல்லைக்குள் கச்சத்தீவு இருந்தது. அரசே ஒரு தனியாரிடம் குத்தகைதாரராக நின்றது என்பதை இரு விதமாகவும் படிக்கலாம்: உரிமை ஜமீனுடையது என்று அரசு ஒப்புக்கொண்டது என்று படிக்கலாம், அல்லது சங்கு பற்றிய ஏற்பாடு தீவின் இறையாண்மையைத் தொடவே இல்லை என்றும் படிக்கலாம்.

சங்கு அப்போது சின்னச் சரக்கு அல்ல. வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் சங்கு வளையலுக்காக டாக்காவின் அறுப்புப் பட்டறைகளுக்கு இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போனது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். இந்தச் சங்குதான் நீரிணையின் சட்ட வரலாற்றில் மிகக் கவனமான ஒரு தீர்ப்பையும் பெற்றுத்தந்தது. இராமநாதபுரம் கரையில், மூன்று மைலுக்கு அப்பாலும் விரிந்த சங்குப் பாரைகளை ஜமீனிடம் குத்தகை எடுத்த ஒருவர், வேறு சிலர் அங்கே சங்கு எடுத்தது திருட்டு என்று வழக்குத் தொடுத்தார். திறந்த கடலில் கிடப்பதை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்பது எதிர்வாதம். அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்று சட்ட இதழ்களில் பதிவான அந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், பாக் விரிகுடாவைத் திறந்த கடலாகக் கருத முடியாது என்றது. அதன் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு மன்னரின் ஆட்சிப்பகுதியால் சூழப்பட்டிருக்கிறது, நெடுங்காலமாக அங்கே முத்தும் சங்கும் எடுத்து அந்தக் கடல் நடைமுறையில் ஆளப்பட்டும் வந்திருக்கிறது என்பது காரணம். இரு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்ததால் எந்தக் கரை என்ற கேள்வி நீதிபதிகளுக்கு எழவில்லை. விரிகுடாவை வரலாற்று நீர்ப்பரப்பு என்று 1974 ஒப்பந்தம் அழைப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. அந்தத் தீர்ப்பு விரிகுடாவுக்குச் சிறப்பு நிலை தந்தது கரைகளில் யார் ஆண்டார்கள் என்பதற்காக மட்டுமல்ல, பரம்பரையாக அதில் தொழில் நடந்ததற்காகவும்தான்.

1921 அக்டோபரில் கொழும்பில் கூடிய மாநாடு இந்தப் பொதுக்கடலில் முதல் கோட்டைப் போட்டது. சென்னை, இலங்கை அரசுகளின் அதிகாரிகள் மீன்பிடி எல்லை வகுக்க வந்தவர்கள், நாட்டெல்லை வகுக்க அல்ல. இலங்கைக் குழுவின் தலைவர் ஹார்ஸ்பர்க் கச்சத்தீவு இலங்கையது என்று வலியுறுத்தினார். இந்தியக் குழு ஜமீனின் உரிமையை முன்வைத்தது. கடைசியில் கோடு தீவுக்கு மேற்கே மூன்று மைலில் ஓடுவதாக ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மீன்பிடிக்கான கோடு தீவின் மீதான உரிமைக்குக் கேடாகாது என்ற நிபந்தனையோடு. அந்த ஏற்பாடு லண்டனில் உறுதிசெய்யப்படவே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து இதே மாநாட்டை இலங்கை தன் பக்கச் சான்றாகவும், அதன் நிபந்தனையை இந்தியத் தரப்பு தன் பக்கச் சான்றாகவும் எடுத்துக்கொண்டது. மீன்பிடிக்குப் போட்ட தற்காலிகக் கோடு மெல்ல மெல்ல நாட்டெல்லையின் முன்வடிவமாக மாறியதுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். அதை யாரும் அந்த நோக்கத்தோடு செய்யவில்லை.

இலங்கையின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1619இல் யாழ்ப்பாணத்தை இணைத்துக்கொண்ட போர்த்துக்கீசர், 1658இல் அவர்களிடமிருந்து பிடித்த டச்சுக்காரர், பிறகு பிரிட்டிஷார் என்று யாழ்ப்பாணப் பட்டினத்தின் வாரிசு உரிமையாக அது தீவைக் கேட்டது. 1905 அளவில் இராமநாதபுரத்து மீனவர் சீனிக்குப்பன் படையாச்சி கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருப்பதையும் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் குண்டுப் பயிற்சிக்குத் தீவு பயன்பட்டது. 1950களின் நடுவில் அங்கே இலங்கை விமானப்படையின் பயிற்சி பற்றிய செய்தி இந்திய நாடாளுமன்றம் வரை வந்தது. இந்தப் பக்கத்தில் இராமநாதபுரம் மாவட்ட விவரச்சுவடி, தீவை இராமேசுவரம் கிராமத்தின் சர்வே எண் 1250, பரப்பு 285.20 ஏக்கர் என்று 1972இலேயே அச்சிட்டிருந்தது. 1958இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் செதல்வாட் இந்தியாவின் உரிமையே வலுவானது என்று கருதினார். 1961 மே மாதம் நேரு, இந்தச் சிறு தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் தரவில்லை, உரிமையை விட்டுக்கொடுக்கத் தயங்க மாட்டேன் என்ற பொருளில் குறிப்பெழுதினார். செதல்வாட்டின் கருத்தும் நேருவின் குறிப்பும் 2024இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி பெறப்பட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்த ஆவணங்கள்.

இவற்றை எடைபோட உலகத்தில் முன்மாதிரி உண்டு. ஆங்கிலக் கால்வாயில் மின்கியே, எக்ரெகோ என்னும் சிறு தீவுக்கூட்டங்களுக்காக பிரிட்டனும் பிரான்சும் 1953இல் அனைத்துலக நீதிமன்றத்தில் நின்றன. இரு தரப்பும் நார்மண்டிக் கோமகன் காலத்து மானியங்களை அடுக்கின. நீதிமன்றம் இடைக்கால நிகழ்ச்சிகளிலிருந்து ஊகித்துப் பெறும் உரிமையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பாறைகளில் கிடந்த பிணங்களுக்கு யார் விசாரணை நடத்தினார்கள், கட்டிய குடிசைகளுக்கு யார் வரி விதித்தார்கள் என்று பார்த்து பிரிட்டனுக்குத் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலில் பராந்தகன் பட்டமும் சூளவம்சமும் முதலில் வெளியேறும். போர்த்துக்கீசர், டச்சுக்காரர் வழி வந்த வாரிசு வாதம் அடுத்து வெளியேறும். பதிவான குத்தகையும் சர்வே எண்ணும் ஒரு தட்டில், மறைமாவட்டமும் 1921 கோடும் மறு தட்டில். என் கணிப்பில் இராமநாதபுரம் பக்கம் தட்டு சற்றுத் தாழ்கிறது. ஆனால் 'சற்று' என்பதுதான் சரியான சொல். தீவு இந்தியாவுக்கே என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று தமிழ்நாட்டில் சொல்லப்படுவதை ஆவணங்கள் தாங்காது. ஐயமே இல்லாமல் இலங்கையுடையது என்று கொழும்பில் சொல்லப்படுவதையும் தாங்காது.

பேச்சு 1974இல் முடிந்தது. 1967இல் இந்தியாவும் 1971இல் இலங்கையும் தத்தம் கடலெல்லையைப் பன்னிரண்டு கடல்மைலாக விரித்தபின் குறுகிய விரிகுடாவில் கோடு தவிர்க்க முடியாததாயிற்று. 1974 ஜனவரியில்தான் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் மலையகத் தமிழரில் நாடற்றவராக எஞ்சியிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் 26ஆம் தேதி கொழும்பிலும் 28ஆம் தேதி டெல்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம், தீவுக்கு ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே கோட்டைப் போட்டது. வரலாற்றுச் சான்றுகளைக் கருத்தில் கொண்டதாக அதன் முன்னுரை சொல்கிறது, எந்தச் சான்று என்று சொல்லவில்லை. ஆனால் புழக்கத்தை அந்த ஒப்பந்தம் முழுதாக மறந்துவிடவில்லை. ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வரலாம் என்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றொன்றின் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்றது. ஜூலை 23ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் மீன்பிடி உரிமை காக்கப்பட்டிருக்கிறது என்றே உறுதியளித்தார். ஆகஸ்ட் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

உண்மையான இழப்பு 1976இல் நடந்தது. மார்ச் 23ஆம் தேதி மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லைக்கான ஒப்பந்தத்தோடு, வெளியுறவுச் செயலர் கேவல் சிங்குக்கும் இலங்கையின் டபிள்யூ. டி. ஜெயசிங்கவுக்கும் இடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன. அவற்றின்படி ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ கடற்பரப்பிலோ அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது. ஆறாம் பிரிவின் உயிரை எடுத்தது இந்த ஒரு வரி. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. எதிர்த்துத் தீர்மானம் போடச் சட்டமன்றமே இல்லை. தமிழ்நாட்டு அரசியலில் 1974 பற்றி ஆயிரம் கூட்டம் நடந்திருக்கிறது, 1976 பற்றி நடந்தவை குறைவு. தீவைப் படத்தில் காட்ட முடியும், கடிதத்து வரியைக் காட்ட முடியாது என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த ஏற்பாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரைத்திட்டு இந்தியாவுக்கு வந்தது, அது வளமான மீன்களம். ஆனால் அங்கே மீன்பிடிக்கிறவர் வேறு ஊர்க்காரர். இராமேசுவரத்து வலைக்காரருக்கு அது ஈடாகாது.

சொந்தத்தைவிடப் புழக்கமே முக்கியம் என்ற இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு தமிழ்நாட்டிலிருந்தே வரும்: சொந்தத்தை விட்டுவிட்டுப் புழக்கத்தைக் கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாதா? 1960இல் பெருபாரி வழக்கில் உச்சநீதிமன்றம் நிலப்பகுதியைத் தரவேண்டுமானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது. கச்சத்தீவு திருத்தமின்றித் தரப்பட்டது. ஆகவே செல்லாது என்பதே 2008இல் ஜெயலலிதா தொடுத்த மனுவின் சாரம். தரப்பட்டதல்ல, எல்லை வகுக்கப்படாதிருந்த தகராற்று இடம் தீர்க்கப்பட்டது என்பது மத்திய அரசின் பதில். 2014இல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, மீட்க வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்றார். சட்டத்தில் மனுவின் கேள்வி வலுவானது, அதற்கு நேரான பதில் வர வேண்டும். ஆனால் வழக்கு முழுதாக வென்றாலும் மீனவருக்குக் கிடைப்பது எவ்வளவு? நல்ல தண்ணீர் இல்லாத 285 ஏக்கர், கோடு சில மைல் கிழக்கே நகரும். இராமேசுவரத்து விசைப்படகுகள் போவது அந்தச் சில மைலைத் தாண்டி யாழ்ப்பாணக் கரையோரம் வரை. 2024 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் சொன்ன கணக்குப்படி இருபது ஆண்டில் 6,184 இந்திய மீனவர் கைதானார்கள், 1,175 படகுகள் பறிமுதலாயின. தீவு திரும்பி வந்தாலும் இந்தக் கைதுகள் நிற்காது. அவற்றை நிறுத்தும் வழி இருந்தால் அது ஆறாம் பிரிவு வழியாகத்தான் வர வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, அது வடக்கு இலங்கையின் தமிழ் மீனவரிடமிருந்து வருகிறது: எந்த மரபைச் சொல்கிறீர்கள்? சங்கு குளித்தவர்களும் பாய்மர வல்லத்தில் வந்து வலை உலர்த்தியவர்களும் கடலின் அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகவில்லை. 1960களுக்குப் பிறகு அரசே ஊக்குவித்த இழுவைமடி விசைப்படகு, இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கு மீனவர் கடலுக்குப் போக முடியாதிருந்தபோது பழகிக்கொண்ட களத்துக்குள், போருக்குப் பிறகும் வந்து அவர்களுடைய வலையை அறுக்கிறது என்பது அவர்களுடைய குறை. அந்தக் குறை உண்மை. புழக்கத்தின் ஆவணங்களைச் சாட்சிக்கு அழைப்பவர் அவை சொல்வதை முழுமையாக ஏற்க வேண்டும். அவை காட்டுவது வரம்புக்குட்பட்ட புழக்கம். 1880ஆம் ஆண்டுக் குத்தகைக்குக் கால எல்லை உண்டு. அரசு நடத்திய தூத்துக்குடிச் சங்குக்குளிப்பில், குறித்த விட்டத்துக்குச் சிறிய சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்ற அளவு உண்டு. நயினாதீவுக் கல்லில் பங்குக்கணக்கு உண்டு. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது, இந்திய அரசு பாக் விரிகுடாப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. மரபுரிமை வாதம் இழுவைமடிக்கு எதிராகவும் பேசும். அதைக் கேட்க மறுத்தால் சங்குப்பாரையையும் சாயவேரையும் மேற்கோள் காட்டும் தகுதி நமக்கில்லை.

மூன்றாவது, இது வெறும் பழங்கதை, இன்றைய கடற்சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பது. இடமுண்டு. செங்கடலின் தெற்கே, பாப் எல் மந்தப் நீரிணைக்கு மேலே, ஹனீஷ் தீவுகளுக்காக எரித்திரியாவும் ஏமனும் 1995இல் சண்டையிட்டு, பிறகு நடுவர் மன்றத்துக்குப் போயின. 1998 தீர்ப்பில் ஹனீஷ் தீவுகளின் இறையாண்மை ஏமனுக்குக் கிடைத்தது. அதே தீர்ப்பு, இரு கரை மீனவரும் அங்கே பரம்பரையாக நடத்திவந்த மீன்பிடி முறை தொடர வேண்டும் என்றும் விதித்தது. எரித்திரிய மீனவர் அங்கே போகலாம், மீனை ஏமன் சந்தையிலும் விற்கலாம். 1999இல் எல்லைக்கோட்டை வகுத்தபோதும் அந்தப் புழக்கத்துக்குக் கோடு தடையாகாது என்றது மன்றம், ஆனால் அது பாரம்பரியச் சிறுதொழிலுக்குத்தான், பெருந்தொழில் மீன்பிடிப்புக்கு அல்ல என்று வரையறுத்தும் வைத்தது. சொந்தம் ஒருவருக்கு, புழக்கம் இருவருக்கும், வரம்பு எல்லோருக்கும். 1974 ஒப்பந்தத்தின் நாலாம், ஐந்தாம், ஆறாம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் ஏறத்தாழ இதே அமைப்புதான், கால் நூற்றாண்டு முன்னதாகவே நம் இரு நாடுகளும் எழுதிக் கையெழுத்திட்டது. ஒரு கடித வரியால் அதை முடக்கியவர்கள், இன்னொரு கடித வரியால் அதை உயிர்ப்பிக்கலாம். அதற்கு எந்த நாடும் ஓர் ஏக்கரையும் விடவேண்டியதில்லை.

அதை எப்படி எழுதுவது என்பதற்கும் முதல் வரைவுகள் உண்டு. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு கரை மீனவர் பிரதிநிதிகளே அதிகாரிகள் முன்னிலையில் நேருக்கு நேர் அமர்ந்தார்கள். இழுவைமடியைக் கைவிட மூன்றாண்டு அவகாசம் வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தரப்பு கேட்டது. முதலில் நிறுத்துங்கள், பிறகு பேசலாம் என்றது வடக்கு. உடன்பாடு வரவில்லை, 2016 நவம்பரில் டெல்லியில் மறுபடி பேசினார்கள். பேசியவர்கள் இரு பக்கமும் தமிழில் பேசினார்கள், ஒருவர் குறையை மற்றவர் மறுக்கவில்லை, சச்சரவு காலக்கெடுவைப் பற்றியே இருந்தது. சேதுபதிகளின் செப்பேடுகளையும் ஜமீன் பத்திரங்களையும் தேடித் தொகுக்கும் நம் ஆய்வாளர்கள், அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் 1921 கொழும்பு மாநாட்டின் முழுக் குறிப்புகளையும் சேர்த்துத் தமிழில் அச்சிட வேண்டும். அடுத்த முறை பேச உட்காரும் இராமேசுவரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் அவைதான்.